டேகல் சிறையும் ஒரு நிச்சயதார்த்தமும்: போன்ஹோஃபர் – மரியா கடிதங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

1943 ஜனவரி 13 அன்று, ஓடர் ஆற்றுக்குக் கிழக்கே பேட்சிக் என்னும் சிற்றூரின் பண்ணை மாளிகையிலிருந்து, மரியா ஃபான் வேடமயர் என்னும் பதினெட்டு வயதுப் பெண் ஒரு போதகருக்குக் கடிதம் எழுதினார். அவரை மணந்துகொள்ள முழு மனத்தோடும் மகிழ்ச்சியோடும் சம்மதம் என்பதே அதன் சாரம். கடிதத்தைப் பெற்றவர் டீட்ரிக் போன்ஹோஃபர். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. இறையியல் அறிஞராகவும், ஹிட்லர் ஆட்சிக்குப் பணிய மறுத்த அறிக்கைத் திருச்சபையின் போதகராகவும் அறியப்பட்டிருந்த அவர், ராணுவ உளவுத் துறைக்குள் ரகசியமாக இயங்கிய ஹிட்லர் எதிர்ப்புக் குழுவிலும் ஒருவராக இருந்தார். அந்தச் சம்மதக் கடிதம் எழுதப்பட்டு மூன்று மாதம் ஆவதற்குள், ஏப்ரல் 5 அன்று, அவர் கைது செய்யப்பட்டார். இடைப்பட்ட நாட்களில் இருவரும் சந்திக்கவில்லை. ஆகவே இந்த நிச்சயதார்த்தம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை காகிதத்திலும், காவலர் முன்னிலையில் நிகழ்ந்த சில சந்திப்புகளிலும் மட்டுமே வாழ்ந்தது.

போன்ஹோஃபரைப் பற்றிப் பேசும் கிறிஸ்தவ மேடைகளில் மரியா பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகவே வருகிறார். இரத்தசாட்சியின், அதாவது விசுவாசத்துக்காக உயிர்கொடுத்தவரின், வருங்கால மனைவி, கண்ணீரோடு காத்திருந்த இளம்பெண் என்ற அளவில் பேச்சு நின்றுவிடுகிறது. கடிதங்களை இருபுறமும் வைத்துப் படித்தால் இந்தச் சித்திரம் நிற்காது. இந்த உறவில் முதல் தீர்மானத்தை எடுத்தவர் மரியா. போர் நடுவே, சிறைச் சுவருக்கு வெளியே நின்றபடி, திருமணம் என்பதை அன்றாட வாழ்வின் பொருளாகவே கடைசிவரை பேசியவரும் அவர்தான். போன்ஹோஃபரின் பிற்காலச் சிந்தனையில் நாம் பெரிதும் போற்றும் ஒரு கருத்து, கிறிஸ்தவர் பூமியில் இரு காலாலும் நிற்க வேண்டும் என்பது, இந்தப் பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில்தான் முதலில் உயிருள்ள வடிவம் பெற்றது என்பதே இந்த ஆய்வின் வாதம்.

மரணச் செய்திகளின் நடுவே

இருவருக்கும் இடையிலான பாலம் மரியாவின் பாட்டி ரூத் ஃபான் க்ளைஸ்ட்-ரெட்சோவ். பொமரேனியாவின் பழைய நிலவுடைமைக் குடும்பத்தைச் சேர்ந்த அந்த மூதாட்டி, 1935 முதல் ஸ்டெட்டினுக்கு அருகே ஃபின்கன்வால்டேயில் போன்ஹோஃபர் நடத்திய குருத்துவப் பயிற்சிப் பள்ளிக்குப் பெரும் ஆதரவாக இருந்தார். 1937இல் ரகசியக் காவல்துறையான கெஸ்டபோ அப்பள்ளியை மூடிய பிறகும் அவருடைய க்ளைன்-க்ரோசின் வீட்டுக் கதவு போன்ஹோஃபருக்குத் திறந்தே இருந்தது. பேரப்பிள்ளைகள் சிலருக்குத் திடப்படுத்தல் பாடம் (இளையோரைச் சபையின் முழு உறுப்பினராக ஏற்கும் சடங்குக்கான பயிற்சி) நடத்தும்படி அவர் போன்ஹோஃபரைக் கேட்டுக்கொண்டார். சிறுமி மரியாவையும் சேர்ப்பதா என்ற பேச்சு வந்தபோது, இவளுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று போன்ஹோஃபர் மறுத்துவிட்டார். மரியாவின் அண்ணன் மாக்ஸுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது.

1942 ஜூனில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். மரியா அப்போதுதான் பள்ளி இறுதித் தேர்வை முடித்திருந்தார். கணிதம் படிக்க விரும்பினார். போன்ஹோஃபரோ, சுவீடனின் சிக்டூனா நகரில் இங்கிலாந்தின் பிஷப் ஜார்ஜ் பெல்லை ரகசியமாகச் சந்தித்து, ஹிட்லரை வீழ்த்தத் திட்டமிடுவோரின் பெயர்களைச் சொல்லிவிட்டுச் சில நாட்களுக்கு முன்புதான் திரும்பியிருந்தார். பாட்டி வீட்டுத் தோட்டத்தில் உலவிப் பேசும் பெண்ணிடம் அதில் ஒரு சொல்லைக்கூட அவரால் பகிர்ந்துகொள்ள முடியாது. அந்தச் சந்திப்புக்குப் பிறகு தம் நெருங்கிய நண்பர் எபர்ஹார்ட் பெத்கேவுக்கு எழுதியபோது, மரியாவுக்கு இன்னும் கடிதம் எழுதவில்லை என்றும், அதற்கான நேரம் வரவில்லை என்றும், மறுபடி பார்க்க வழியில்லாமல் போனால் அந்தச் சில நிமிடங்களின் நினைவு நிறைவேறாத கற்பனைகளோடு கரைந்துவிடும் என்றும் குறிப்பிட்டார்.

கரையவிடாமல் செய்தது போர். 1942 ஆகஸ்ட் 22 அன்று மரியாவின் தந்தை ஹான்ஸ் ஃபான் வேடமயர் ஸ்டாலின்கிராட் போர்முனையில் மாண்டார். அக்டோபரில் பாட்டி கண் அறுவைச் சிகிச்சைக்காக பெர்லின் மருத்துவமனையில் இருக்க, மரியா உடனிருந்து கவனித்துக்கொண்டார். போன்ஹோஃபர் அடிக்கடி அங்கே வந்தார். ஒருநாள் மரியாவை மருத்துவமனைக்கு அருகிலிருந்த ஒரு சிறிய உணவகத்துக்கு மதிய உணவுக்கு அழைத்துச் சென்றார். அது ஹிட்லரின் சகோதரருக்குச் சொந்தமானது என்பதால் மனம்விட்டுப் பேச அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது என்று அவர் சொன்னதை மரியா பின்னாளில் நினைவுகூர்ந்தார். அதே மாதம் 26ஆம் தேதி அண்ணன் மாக்ஸும் ரஷ்யப் போர்முனையில் உயிரிழந்தார். மாக்ஸ் மரியாவுக்கு எவ்வளவு வேண்டியவர் என்பதைத் தம்மால் ஓரளவு உணர முடிகிறது என்று தொடங்கி போன்ஹோஃபர் எழுதிய சிறு இரங்கல் கடிதம், இந்தக் கடிதப் போக்குவரத்தின் வாசற்படி என்று சொல்லலாம். திடப்படுத்தல் வகுப்பில் தம் மாணவனாயிருந்தவனுக்காகத் துக்கப்படும் போதகராகவே அவர் அதை எழுதினார்.

பாட்டி இருவரையும் சேர்த்துவைக்க ஆசைப்படுவது குடும்பத்தில் பேச்சாகிவிட்டது. கணவரையும் மூத்த மகனையும் இரண்டு மாத இடைவெளியில் பறிகொடுத்திருந்த தாய், மாக்ஸின் நினைவு ஆராதனைக்கு வர வேண்டாம் என்று போன்ஹோஃபரைக் கேட்டுக்கொண்டார். நவம்பர் இறுதியில் அவர் பேட்சிக்குக்கு நேரில் சென்றபோது, இருவரும் ஓராண்டு காலம் பிரிந்திருக்க வேண்டும் என்று தாய் நிபந்தனை விதித்தார். மகளின் இளவயது, பதினெட்டு ஆண்டு வயது வித்தியாசம், வீட்டில் இன்னும் ஆறாத துக்கம் ஆகியவற்றைப் பார்க்கும்போது எந்தத் தாயும் கேட்கக்கூடியதைத்தான் அவர் கேட்டார்.

அன்று போன்ஹோஃபர் நடந்துகொண்ட விதம் கவனிக்கத்தக்கது. தாம் விரும்பினால் பேசி இணங்கவைத்துவிட முடியும், வாதிடத் தமக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அப்படிச் செய்வது பிறருடைய பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்வதாகிவிடும் என்று அவர் பெத்கேவுக்கு எழுதினார். கணவரை இழந்து நிற்பதனாலேயே அந்தத் தாய் தம் எதிரில் அதிக வலிமை பெற்றிருக்கிறார் என்ற உணர்வும் அக்கடிதத்தில் இருக்கிறது. ஒரு கைம்பெண்ணின் துயரத்தின் முன்னால் தம் சொல்வன்மையை மடக்கி வைத்துக்கொண்ட மனிதர் அவர். அவருடைய அறநூல்களைப் படித்தவர்களுக்கு, அந்த நூல்களின் பொருள் இங்கே ஒரு வீட்டுக் கூடத்தில் நடைமுறையாகியிருப்பது தெரியும்.

அதற்குப் பிறகு காரியத்தை முன்னெடுத்தவர் மரியா. டிசம்பர் நாட்குறிப்பில் அவர் தம்மோடு தாமே வாதாடுகிறார்: இப்போது காதல் இல்லை, ஆனால் காதலிப்பேன் என்று தெரியும், அவர் வயதில் மூத்தவர், படிப்பில் ஆழ்ந்தவர், நடனத்தையும் குதிரைச் சவாரியையும் விளையாட்டையும் விரும்பும் நான் இவற்றையெல்லாம் எப்படி விடப்போகிறேன், அவர் லட்சியவாதி, யோசிக்காமல் முடிவெடுக்கிறார் என்று அம்மா சொல்கிறார், நான் அதை நம்பவில்லை. இவ்வளவு நேர்மையாகத் தன்னையே விசாரித்துக்கொண்டு எடுத்த முடிவை ஒரு சிறுபெண்ணின் மயக்கம் என்று தள்ளுவது அநியாயம். ஜனவரியில் தாயிடமும் தமக்குப் பொறுப்பாளராயிருந்த மாமாவிடமும் பேசி அனுமதி பெற்ற பிறகே அவர் சம்மதக் கடிதத்தை எழுதினார். நான்கு நாள் பயணப்பட்டு அது பெர்லின் வந்துசேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் போன்ஹோஃபர் பதில் எழுத உட்கார்ந்துவிட்டார்.

காத்திருப்பு மட்டும் நீங்கவில்லை. சில மாதங்களுக்குக் கடிதமும் வேண்டாம் என்பது ஏற்பாடு. மார்ச் தொடக்கத்தில் போன்ஹோஃபருக்கு ஆபத்து என்று பாட்டி வழியாகக் கேள்விப்பட்டபோது, அந்தக் கட்டுப்பாட்டை மரியாவே உடைத்தார். ஏப்ரல் 5 அன்று, கைதுச் செய்தி எதுவும் எட்டாத நிலையில், ஏதோ கெட்டது நடந்துவிட்டதோ, மிகவும் கெட்டதாக இருக்குமோ என்று பயப்படுவதாக அவர் நாட்குறிப்பில் எழுதினார்.

டேகல்

போன்ஹோஃபரை பெர்லினின் டேகல் பகுதியிலிருந்த ராணுவ விசாரணைச் சிறையில் வைத்தார்கள். பத்து நாளுக்கு ஒரு கடிதம், அதுவும் ஒரு தாள் அளவு, என்பது விதி. முதல் மாதங்களில் பெற்றோருக்கு மட்டுமே எழுத முடிந்தது. மரியாவுக்கான சொற்கள் அந்தக் கடிதங்களின் ஓரத்தில் பயணம் செய்தன. 1943 ஜூலை இறுதியில்தான் அவருக்கு நேரடியாக எழுத அனுமதி கிடைத்தது. ஒவ்வொரு வரியும் தணிக்கைக்கு உட்பட்டது. விசாரணை அதிகாரி மான்ஃப்ரெட் ரோடர் படிப்பார் என்று தெரிந்தே எழுத வேண்டிய காதல் கடிதங்கள் அவை.

ஜூன் 24 அன்று நடந்த முதல் சந்திப்பும் ரோடரின் உத்திதான். முன்னறிவிப்பு ஏதுமின்றி மரியாவை அறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். கைதி நிலைகுலைவார் என்பது கணக்கு. தாம் ஒரு கருவியாகப் பயன்படுத்தப்பட்டதை மரியா உணர்ந்தார். போன்ஹோஃபர் அதிர்ந்து, முதலில் ஒன்றும் பேசாமல் இருந்து, பிறகு சாதாரண உரையாடலைத் தொடங்கினார். அவர் மனத்தில் இருந்தது, மரியாவின் கையை அவர் பிடித்திருந்த இறுக்கத்தில் மட்டுமே தெரிந்தது. அதற்குப் பிறகு 1944 ஆகஸ்ட் 23 வரை, ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில், சந்திப்புகள் தொடர்ந்தன.

இந்தக் காலத்தின் தொடக்கத்தில் போன்ஹோஃபர் எழுதிய ஒன்றை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1943 மே 15 அன்று நண்பர் பெத்கே, போன்ஹோஃபரின் அக்காள் மகள் ரெனாட்டேயை மணந்தார். அந்தத் திருமணத்துக்காகச் சிறை அறையிலிருந்து போன்ஹோஃபர் ஒரு பிரசங்கம் எழுதினார். உங்கள் காதல் திருமணத்தைத் தாங்குவதில்லை, இனிமேல் திருமணமே உங்கள் காதலைத் தாங்கும் என்ற அதன் புகழ்பெற்ற வரியை நம் திருமண ஆராதனைகளிலும் போதகர்கள் எடுத்துச் சொல்வதுண்டு. அதை எழுதியவர் கைதாகி ஆறு வாரமே ஆனவர் என்பதையும், தாம் மணக்கவிருந்த பெண்ணுக்கு ஒரு வரிகூட நேரடியாக எழுத அனுமதி இல்லாதவர் என்பதையும் சேர்த்துப் படித்தால் அந்த வாக்கியத்தின் கனம் மாறிவிடுகிறது. இன்னும் காதலிக்கவில்லை, காதலிப்பேன் என்று டிசம்பரில் மரியா எழுதியதும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. இருவரும் வெவ்வேறு வாசலில் நுழைந்து ஒரே இடத்தை வந்தடைந்திருந்தார்கள்.

1943 ஆகஸ்ட் 12 கடிதமே இந்தத் தொகுப்பின் இதயம். உலகத்தின் நிலையையும், தங்கள் எதிர்காலத்தை மூடியிருக்கும் இருளையும், தம் சிறைவாசத்தையும் நினைத்துப் பார்க்கும்போது, தாங்கள் இணைந்தது விளையாட்டுத்தனமாக இல்லாத பட்சத்தில், அது விசுவாசத்துக்கு அழைக்கும் தேவகிருபையின் அடையாளமாக மட்டுமே இருக்க முடியும் என்று எழுதுகிறார். பிறகு பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி எரேமியாவை நினைவுபடுத்துகிறார். எருசலேம் பாபிலோனியரின் முற்றுகையில் இருக்கிறது. எரேமியா காவலில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் அவர் ஆனதோத்தில் ஒரு நிலத்தைப் பணம் கொடுத்து, பத்திரம் எழுதி, சாட்சி வைத்து வாங்குகிறார். இந்தத் தேசத்தில் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் மறுபடி வாங்கப்படும் என்பதே அந்தக் கிரயத்தின் செய்தி. தங்கள் திருமணத் திட்டம் அப்படிப்பட்ட கிரயம் என்கிறார் போன்ஹோஃபர். தங்கள் திருமணம் தேவனுடைய பூமிக்குச் சொல்லும் 'ஆம்' ஆக இருக்க வேண்டும், பூமியில் எதையாவது செய்து முடிக்கும் துணிவை அது பலப்படுத்த வேண்டும் என்று தொடர்ந்துவிட்டு, பூமியில் ஒற்றைக்காலில் மட்டும் நிற்கத் துணியும் கிறிஸ்தவர்கள் பரலோகத்திலும் ஒற்றைக்காலில்தான் நிற்பார்களோ என்று அஞ்சுவதாக முடிக்கிறார்.

எரேமியா 32ஆம் அதிகாரத்தைப் படிக்கும்போது அந்தக் கிரயத்தின் விவரங்கள் எவ்வளவு துல்லியம் என்பது கண்ணில் படும்: பதினேழு சேக்கல் வெள்ளி, முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று, நெடுநாள் இருக்கும்படி இரண்டையும் ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லும் கட்டளை. நம்பிக்கை அங்கே ஓர் உணர்ச்சியாக நிற்காமல் பத்திரப்பதிவாகிறது. இந்தக் கடிதங்களிலும் அதே இயல்பைக் காண்கிறோம். திருமண நாள், விருந்தினர், தேனிலவு, எந்த மரச்சாமானை எங்கே போடுவது என்றெல்லாம் இருவரும் எழுதிக்கொள்கிறார்கள். குண்டுவீச்சுக்கு ஆளாகிக்கொண்டிருந்த நகரத்தின் சிறைக்குள்ளிருந்தும், அந்தச் சிறைக்கு வெளியிலிருந்தும் இப்படி எழுதுவதை வெறும் ஆறுதல் என்று படிப்பது குறைவான வாசிப்பு.

இதில் மரியாவின் பங்கு கைகளால் செய்தது. உணவுப் பொட்டலங்களும் துவைத்த துணிகளும் கொண்டுவந்து கொடுத்தார். 1943 கிறிஸ்துமஸுக்கு, போர்முனையில் இறந்த நாளில் தந்தை கையில் கட்டியிருந்த கடிகாரத்தை போன்ஹோஃபருக்குத் தந்தார். ஒரு பெரிய கிறிஸ்துமஸ் மரத்தையும் சிறைவாசல் வரை சுமந்து வந்தார். அது அறைக்குள் நுழையாத அளவு பெரியது. கட்டிலை வெளியே எடுத்துப் போட்டுவிட்டுப் பண்டிகை முடியும்வரை தாம் நின்றுகொண்டே இருந்தால் மரத்துக்கு இடம் கிடைக்கலாம் என்று போன்ஹோஃபர் சொல்ல, காவலர்களும் சேர்ந்து சிரித்தார்கள். கடைசியில் மரம் காவலர் அறையில் வைக்கப்பட்டது. அதைப் பார்க்க அவரையும் அங்கே அழைத்தார்கள்.

1944 ஏப்ரலில் மரியா பூண்டார்ஃபில் உறவினர் வீட்டில் இருந்தார். அங்கே தம் படுக்கையைச் சுற்றி, போன்ஹோஃபரின் சிறை அறை அளவுக்குச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். அதற்குள் ஒரு மேசையும் நாற்காலியும் அந்த அறையில் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்தாரோ அப்படியே வைத்தார். அங்கே உட்காரும்போது உங்களோடு இருப்பதாகவே ஏறக்குறைய நம்பிவிடுகிறேன் என்று எழுதினார். கணிதம் படிக்க விரும்பிய பெண்ணின் செயல் இது. ஏக்கத்துக்கும் அவர் அளவெடுத்துத் தரையில் எல்லை வரைந்தார்.

கடிதங்களால் ஆகாதவை

இந்த உறவைப் பரிசுத்தக் காதல் கதையாகச் சுருக்குவோர் கடந்துபோகும் பகுதி ஒன்று உண்டு. 1943 நவம்பர் முதல் நட்பான காவலர்கள் வழியாகத் தணிக்கைக்குத் தப்பி பெத்கேவுக்குக் கடிதங்கள் போகத் தொடங்கின. டிசம்பர் 15 கடிதத்தில் போன்ஹோஃபர் மனத்தைத் திறக்கிறார். நிச்சயமாகி ஏறத்தாழ ஓராண்டு ஆகிவிட்டது, ஒரு மணி நேரம்கூட தனியாக இருந்ததில்லை. மாதம் ஒருமுறை பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்வதுபோல் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டுப் பிரிக்கப்படுகிறோம். ஒருவரைப் பற்றி ஒருவருக்கு நடைமுறையில் ஒன்றுமே தெரியாது, சேர்ந்து அனுபவித்தது என்று எதுவும் இல்லை. இதைவிடக் கனமானது அடுத்து வருகிறது. மரியா தம்மை நற்குணத்தின் உருவமாக, முன்மாதிரிக் கிறிஸ்தவராக நினைக்கிறார். அவரைத் திருப்திப்படுத்தத் தாம் பழங்கால இரத்தசாட்சியைப் போலக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. அதனால் தம்மைப் பற்றி மரியா வைத்திருக்கும் சித்திரம் மேலும் மேலும் பொய்யாகிக்கொண்டே போகிறது என்கிறார்.

இரத்தசாட்சி என்று பிற்காலம் அழைத்த மனிதர், அந்த வேடத்தில் கடிதம் எழுத நேர்வதைத் தமக்கும் தாம் நேசித்த பெண்ணுக்கும் இடையே விழுந்த சுவராகக் கண்டார். நாம் அவருக்குச் சூட்டும் மகிமை, அவர் உயிரோடிருந்தபோதே அவருக்கு இடைஞ்சலாக இருந்திருக்கிறது. மரியாவின் பக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. இறையியல் தமக்குப் பிடிபடவில்லை, உண்மையில் விசுவாசத்துக்கு உரியதை அறிவால் விளக்க முயல்வதாகவே அது படுகிறது என்று அவர் எழுதினார். அவர் ரசித்த கவிதைகளும் கடித இலக்கியமும் போன்ஹோஃபருக்கு ஒப்பவில்லை. வேறு நூல்களைச் சிபாரிசு செய்தார். பேசித் தீர்க்கக்கூடிய சிறு வேறுபாடுகள் இவை. ஒரே வீட்டில் இருப்பவர்கள் மாலைக்குள் சிரித்து மறந்துவிடுவார்கள். பத்து நாளுக்கு ஒரு தாள் என்ற விதிக்குள், அந்நியர் ஒருவர் படித்த பிறகு வந்துசேரும் கடிதத்தில், அவை மாதக்கணக்கில் மனத்தில் தங்கும்.

1944 கோடைக்குள் மரியா களைத்துப்போனார். உடல்நிலையும் சரியில்லை. அவருடைய தயக்கங்களும் சோர்வும் கடிதங்களில் தெரிகின்றன. இதை விசுவாசக் குறைவு என்று எண்ணத் தேவையில்லை. இரண்டு ஆண்டில் தந்தையையும் அண்ணனையும் இழந்து, அடுத்த மாதம் விடுதலை, அதற்கடுத்த மாதம் விசாரணை என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்த நம்பிக்கையைத் தாங்கியவருக்கு அப்போது வயது இருபது. போன்ஹோஃபரும் இந்தத் தூரத்தின் வேதனையை மறைக்கவில்லை. மரியா வந்துபோன பிறகு அவர் எழுதிய 'கடந்த காலம்' என்னும் கவிதை, கண்ணெதிரில் இருந்த மகிழ்ச்சி நினைவாக மாறிக் கைநழுவுவதைப் பற்றியது. பின்னர் மரியா பெர்லினுக்கு வந்து, மாரியன்பூர்கர் ஆலே 43ஆம் எண் வீட்டில் போன்ஹோஃபரின் பெற்றோரோடு தங்கி, மனநல மருத்துவரான அவர் தந்தையின் பணிகளில் உதவியாக இருந்தார். என் பார்வையில், இந்த உறவின் உண்மையான வெற்றி அந்த முடிவில் இருக்கிறது. சந்தேகம் வந்த காலத்தில் மரியா விலகிப் போகாமல் அந்த வீட்டுக்குள் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்.

1944 ஏப்ரல் 30 முதல் போன்ஹோஃபர் பெத்கேவுக்கு எழுதிய இறையியல் கடிதங்கள் உலகப் புகழ் பெற்றவை. ஜூலை 21 அன்று, ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்ற மறுநாள், கிறிஸ்தவத்தின் ஆழமான இவ்வுலகத்தன்மையைத் தாம் மேலும் மேலும் கற்றுக்கொண்டதாக எழுதினார். அந்தச் சிந்தனையை இறையியல் மாணவர்கள் பெத்கேவுக்கு எழுதிய கடிதங்களில் தேடுவதே வழக்கம். ஆனால் பூமியில் இரு காலாலும் நிற்க வேண்டும் என்ற கருத்து, ஓராண்டுக்கு முன்பே, ஆகஸ்ட் 12 அன்று, மரியாவுக்கு எழுதிய கடிதத்தில் திருமணத்தை முன்வைத்துச் சொல்லப்பட்டுவிட்டது. பெத்கே 1951இல் வெளியிட்ட சிறைக்கடிதத் தொகுப்பில் மரியாவுக்கான கடிதங்கள் இடம்பெறவில்லை. அவை மரியாவின் கையில் இருந்தன. அதனால் ஒரு தலைமுறை முழுவதும், அந்த இறையியலின் பின்னால் ஒரு வீடும் மேசையும் நாற்காலியும் மணக்கக் காத்திருந்த பெண்ணும் இருந்ததை அறியாமலேயே அதைப் படித்தது.

கடைசி மாதங்கள்

உளவுத் துறையின் ரகசியக் கோப்புகள் கெஸ்டபோவிடம் சிக்கிய பிறகு, 1944 அக்டோபர் 8 அன்று போன்ஹோஃபர் ப்ரின்ஸ் ஆல்பிரெக்ட் தெருவிலிருந்த அதன் தலைமையகத்தின் நிலவறைக்கு மாற்றப்பட்டார். சந்திப்புகள் நின்றன, கடிதங்கள் அரிதாயின. டிசம்பர் 19 தேதியிட்ட கிறிஸ்துமஸ் கடிதமே மரியாவுக்குக் கிடைத்த கடைசிக் கடிதம். தாம் தனிமையாக உணரவில்லை, நீயும் பெற்றோரும் போர்முனையில் இருக்கும் நண்பர்களும் மாணவர்களும் எப்போதும் உடனிருக்கிறீர்கள் என்கிறார். இரண்டு தூதர் போர்த்திவிட, இரண்டு தூதர் எழுப்பிவிட என்று வரும் குழந்தைகளின் பழைய இரவுப் பாட்டை நினைவுகூர்ந்து, பெரியவர்களுக்கும் அந்தக் காவல் தேவைப்படுகிறது என்று எழுதுகிறார். ஏறத்தாழ இரண்டு ஆண்டாக ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கிறோம், மனம் தளராதே, நீ என் பெற்றோரோடு இருப்பதில் மகிழ்ச்சி என்கிறார். இறையியலோ போதனையோ இல்லாத இந்த வரிகளில், இரத்தசாட்சியைப் போல எழுத வேண்டியிருக்கிறது என்று ஓராண்டுக்கு முன் வருந்திய மனிதர் அந்தப் பாரத்தை இறக்கிவைத்துவிட்டதாகவே எனக்குப் படுகிறது. அதனோடு, மரியாவுக்கும் பெற்றோருக்கும் உடன்பிறந்தாருக்கும் என்று ஏழு பத்திக் கவிதை ஒன்றையும் அனுப்பினார். நல்ல ஆற்றல்கள் தம்மைச் சூழ்ந்து காப்பதைப் பாடும் அந்தக் கவிதையை இன்று ஜெர்மன் சபைகள் இசையமைத்துப் பாடுகின்றன.

1945 ஜனவரி இறுதியில் சோவியத் படை நெருங்கியபோது, தாயின் சொற்படி மரியா தம் இளைய உடன்பிறந்தாரைக் குதிரை வண்டியில் ஏற்றி, கடும் பனியில் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். அவர்களைப் பத்திரமாகச் சேர்த்துவிட்டு பெர்லின் வந்தபோது போன்ஹோஃபர் அங்கே இல்லை. பிப்ரவரி 7 அன்று அவரை புக்கன்வால்ட் வதைமுகாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை. ஒருவேளை அங்கே இருக்கலாம் என்று கம்பளி உடைகளைச் சுமந்துகொண்டு, செக் எல்லையை ஒட்டிய ஃப்ளோசன்பூர்க் முகாமுக்கு ரயிலிலும் கடைசித் தொலைவை நடந்தும் போய்ச் சேர்ந்தார். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். பயணம் முழுவதும் வீணாயிற்று, டீட்ரிக் அங்கே இல்லை, பெர்லினில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், ஃப்ளோசன்பூர்க்கில் தெரியாது என்கிறார்கள் என்று பிப்ரவரி 19 அன்று தாய்க்கு எழுதினார். ஏழு வாரம் கழித்து அதே முகாமுக்குத்தான் போன்ஹோஃபர் கொண்டுவரப்பட்டார். 1945 ஏப்ரல் 9 விடியற்காலையில், உளவுத் துறைத் தலைவராயிருந்த கனாரிஸ், அவருடைய துணைவர் ஓஸ்டர் முதலியோருடன் தூக்கிலிடப்பட்டார். அமெரிக்கப் படை அந்த முகாமை விடுவித்தது ஏப்ரல் 23 அன்று; அது மரியாவின் இருபத்தோராவது பிறந்தநாள். அவருக்கு மரணச் செய்தி ஜூனில்தான் எட்டியது.

அதற்குப் பிறகான முப்பத்திரண்டு ஆண்டுகளும் அவருடைய வாழ்க்கைதான். கோட்டிங்கனில் கணிதம் படித்தார். 1948இல் அமெரிக்காவின் ப்ரின் மார் கல்லூரிக்குச் சென்றார். இருமுறை மணந்தார், இரு திருமணங்களும் மணமுறிவில் முடிந்தன, இரண்டு மகன்களை வளர்த்தார். கணினித் துறை உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் அதில் நுழைந்து, ஹனிவெல் நிறுவனத்தில் பொறுப்பான பதவிக்கு உயர்ந்தார். இந்தப் பிற்கால வாழ்வைச் சொல்லாமல் விடுவது சிலருக்கு வசதியாக இருக்கிறது. இரத்தசாட்சிக்கு மணமகளாக நிச்சயிக்கப்பட்டவர் என்றென்றும் கறுப்பு உடையில் நிற்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதுபோல் தோன்றுகிறது. பூமியில் இரு காலாலும் நிற்பது என்பது துக்கத்துக்குப் பிறகும் படிப்பது, உழைப்பது, மறுபடி மணப்பது, தோற்பது, பிள்ளைகளை வளர்ப்பது எல்லாவற்றையும் உள்ளடக்கியது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

கடிதங்களை அவர் யாருக்கும் எளிதில் கொடுக்கவில்லை. 1960களில் போன்ஹோஃபரின் கடிதங்களை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில், நெடுங்காலம் எவரும் பார்க்க முடியாதபடி நிபந்தனையோடு ஒப்படைத்தார். 1967இல் ஒரு கட்டுரையில் சில பகுதிகளை மட்டும் வெளியிட்டார். 1977 நவம்பரில் பாஸ்டனில் இறப்பதற்கு முன், அக்காள் ரூத்-அலிஸ் ஃபான் பிஸ்மார்க்கிடம் வெளியிடும் உரிமையைக் கொடுத்தார். 1992இல் வந்த ஜெர்மன் பதிப்பில் மரியாவின் கடிதங்களும் நாட்குறிப்புப் பகுதிகளும், போன்ஹோஃபரின் கடிதங்களோடு தேதி வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக அச்சிடப்பட்டுள்ளன.